மஞ்சள் சட்டைக்காரரின் பிரேக் சோதனை

கேரவனுக்குள் ஏதோ உருண்டு முன்பக்கம் போய் இடித்தது. பிறகு திரும்பி வந்து பின்பக்கம் இடித்தது.

"சட்டி மூடி," என்றாள் மனைவி இம்மாகுலேற். "துணி வைச்சுக் கட்டுங்கோ எண்டு விடியவே சொன்னனான்."

பஸ்தியாம்பிள்ளை ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி கண்ணாடியைப் பார்த்தார், வீதியைப் பார்த்தார், மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தார். ஐம்பத்து மூன்று வயதில் முதல்முறையாக ஒரு சின்ன வீட்டையே காரில் கொழுவி இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகிற மனிதருக்குச் சட்டி மூடியைப் பற்றிக் கதைக்க நேரம் ஏது?

தென் லண்டனில் உள்ள தோர்ண்டன் ஹீத்தில் இருந்து காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டவர்கள் ஆற்றைக் கடந்து லண்டனின் வடகிழக்கு மூலைக்கு வரவே எட்டரையாகிவிட்டது. இன்னும் இரண்டு மைல் போனால் மோட்டர்வே. அதில் ஏறிவிட்டால் வோல்சிங்கம் மாதா கோயிலுக்கு மூன்று மணித்தியாலம். ஒரு மணிக்கு மாதாவைத் தூக்கிச் சுற்றிவருகிற சுற்றுப்பிரகாரம். வருடத்தில் ஒருநாள் தமிழ்க் கத்தோலிக்கச் சனம் பஸ் பஸ்ஸாக அங்கே போய் இறங்கும்.

1993ஆம் ஆண்டுச் சுற்றுப்பிரகாரத்தில் தூக்க வேண்டிய மடு மாதா சுரூபம் பஸ்தியாம்பிள்ளையின் பொறுப்பில் இருந்தது. அது லேசில் கிடைத்த பொறுப்பல்ல. கோயில் கமிற்றிக் கூட்டத்தில் டொலறஸ் என்கிற ஒருத்தி எழும்பி நின்று, "பெட்டி கட்டி இழுக்கிறவரிட்டையே மாதாவைக் குடுக்கப் போறியள்?" என்று நாற்பது பேருக்கு முன்னால் கேட்டாள். எல்லாரும் பங்குப் பாதரைப் பார்த்தார்கள். பாதர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பஸ்தி கொண்டு வருவார்," என்றார். அவ்வளவுதான்.

அந்த மூன்று சொல்லைப் பஸ்தியாம்பிள்ளை இரண்டு மாதமாகச் சுமந்தார். மாதா ஒரு மணிக்குப் போய்ச் சேராவிட்டால் பாதரின் சொல் பொய்யாகும். அதைவிடக் கொடுமை, டொலறஸின் சொல் மெய்யாகும்.

சும்மா சொல்லக்கூடாது, அவரைப்போல ஒரு கேரவனைப் பராமரித்த மனிதர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. மிச்சம் என்கிற ஊரில் அவர் வேலைசெய்கிற பெற்றோல் ஷெட்டுக்கு வருகிற ஒரு வயசாளி விற்ற பழைய கேரவன் அது. அதை வாங்கிய அன்றே நூலகத்துக்குப் போய், கேரவன் இழுக்கிறவர்களுக்கான சிறு புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். ஆறு தரம் தவணை நீட்டினார். சின்னப் பிள்ளைகள் ஞானோபதேசம் படிப்பதுபோல வினாவும் விடையுமாக மனப்பாடம் செய்தார். இம்மாகுலேற் வெங்காயம் உரிக்கிற நேரம் பார்த்து அடுப்படி வாசலில் வந்து நிற்பார். பிரேக் இல்லாத ட்ரெயிலர் எவ்வளவு பாரம் வரைக்கும் இழுக்கலாம் என்று தானே கேட்பார். எழுநூற்றைம்பது கிலோ வரைக்கும் என்று தானே விடை சொல்லுவார். அதற்கு மேலே என்றால் பிரேக் கட்டாயம். ஓடும்போது காரோடு மாட்டுகிற கொழுவி கழன்றால் என்ன நடக்க வேண்டும்? காரோடு தொடுத்த மெல்லிய கம்பி கேரவனின் கைபிரேக்கைத் தானாக இழுத்துவிட்டு அறுந்துபோக வேண்டும். ஓடுகிற கேரவனுக்குள் ஆட்கள் இருக்கலாமா? இருக்கவே கூடாது.

இந்தக் கடைசி விதியில்தான் மூன்று நாள் மண்டையை உடைத்தார். மாதா ஆளா, சரக்கா? சரக்கு என்று சொல்ல நா வரவில்லை. ஆள் என்றால் கேரவனுக்குள் வைக்க ஏலாது. கடைசியில் மாதாவைக் காரின் பின்சீற்றில் இருத்தி பெல்ற் போட்டார். பக்கத்தில் மைத்துனன் பெனடிக்ற்.

ஆனால் பஸ்தியாம்பிள்ளையின் நித்திரையைக் கெடுத்தது வேறொன்று. கேரவன்காரருக்காக வருகிற மாதப் பத்திரிகை ஒன்றில் வாசித்திருந்தார்: கோடைகாலச் சனிக்கிழமைகளில் பொலிஸும் வாகனப் பரிசோதகரும் வீதியோரத்தில் நின்று கேரவன்களை மறிப்பார்களாம், பிரேக்கில் பிழை கண்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்களாம். அன்று தொடங்கிக் கிழமைக்கு மூன்று தரம் கேரவனுக்குக் கீழே படுத்தெழும்பினார். ரயருக்குக் காற்று, மூட்டுகளுக்குக் கிறீஸ், பின் லைற்றுகளுக்குப் புதுப் பல்ப், காரின் இலக்கத்தையே கேரவனுக்குப் பின்னாலும் எழுதிய தகடு.

"அத்தான் கேரவன் வாங்கினது லீவுக்குப் போகவோ, கடைசி நாள் பொதுத்தீர்வைக்குப் போகவோ?" என்று பெனடிக்ற் கேட்டான். பஸ்தியாம்பிள்ளை மறுபடியும் கேரவனுக்குக் கீழே புகுந்தார்.

இப்போது அதே பெனடிக்ற் பின்சீற்றில் இருந்து முன்னால் எட்டிப் பார்த்தான்.

"அத்தான், அங்க ஒருத்தன் கை காட்டுறான்."

வீதியோரத்தில் வாகனம் ஒதுக்குகிற நீளமான இடம். அங்கே மினுங்குகிற மஞ்சள் சட்டை போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் நின்றார். ஒரு கையில் தடித்த புத்தகம் விரித்தபடி இருந்தது. மறுகையை உயர்த்தி ஆட்டினார். அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கேரவன் ஏற்கனவே அகப்பட்டு நின்றது. அதன் ஜன்னலோடு ஒரு வெள்ளைக்கார மனிசி, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமா மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டபடி இருந்தாள்.

பஸ்தியாம்பிள்ளை பத்திரிகையில் வாசித்த அதே மறிப்பு! இடப்பக்கச் சிக்னலைப் போட்டார். கண்ணாடியைப் பார்த்தார். ஒரு குலுக்கல் இல்லாமல், அந்த வெள்ளைக் கேரவனுக்குப் பின்னால் கோடு கீறினதுபோலக் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தப் பதற்றத்திலும் அப்படி நிறுத்த எல்லாராலும் ஏலாது.

"எல்லாரும் இறங்குங்கோ. கை வெளியில தெரியட்டும்," என்றார்.

மன்னாரில் ஆமிச் சோதனைச்சாவடிகளைக் கடந்து கடந்து பழகிய உடம்பு அது. இறங்கு என்று சொல்ல முன்னர் இறங்க வேண்டும். பையைத் திற என்று சொல்ல முன்னர் திறக்க வேண்டும். கேட்ட பிறகு காட்டுகிறவன் ஒளித்தவன். கேட்க முன்னர் காட்டுகிறவன் நல்லவன். எட்டு வருட லண்டன் வாழ்க்கையில் குளிர் பழகியது, ஆங்கிலம் பழகியது. இது மட்டும் உடம்பை விட்டுப் போகவில்லை.

மஞ்சள் சட்டைக்காரர் கிட்ட வந்து, தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். தொந்தரவே இல்லை சேர் என்ற பஸ்தியாம்பிள்ளை, அதே மூச்சில் கடதாசிகளை எடுத்து அவருடைய கையில் அடுக்கினார். லைசன்ஸ், இன்சூரன்ஸ், கேரவன் வாங்கிய ரசீது, குடிவரவுக் கடிதம், எதற்கும் இருக்கட்டும் என்று இம்மாகுலேற்றின் ஞானஸ்நானப் பத்திரம். மனிதர் அந்தக் கடைசிப் பத்திரத்தை அப்படியும் இப்படியுமாகத் திருப்பிப் பார்த்தார். அவர் மறுபடி வாய் திறப்பதற்குள் பஸ்தியாம்பிள்ளை சாமான் இறக்கத் தொடங்கிவிட்டார்.

முதலில் மாதா. கேரவனுக்குப் பின்னால் புல்லில் மடக்குக் கதிரையை விரித்து, மேலே வெள்ளைத் துவாய் போட்டு, மாதாவை வீதியைப் பார்க்க இருத்தினார். பிறகு மாதாவுக்கு ஒரு பக்கமாக, பெரியது முதல் சிறியது வரைக்கும் எல்லாம் வரிசையாக வந்தன. சோற்றுக் கிடாரம், கத்தரிக்காய்க் கறிச் சட்டி, மெத்தை, குடைகள், காகிதத் தட்டு, பாடல் புத்தகப் பெட்டி. சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற மரக்கட்டைகளையும் துடைத்து அந்த வரிசையில் வைத்தார். ஒவ்வொரு பையின் வாயும் திறந்திருந்தது.

மஞ்சள் சட்டைக்காரர் கறிச்சட்டியை எட்டிப் பார்த்தார். அருமையான மணம் என்றார். பஸ்தியாம்பிள்ளை அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு, பாரம் முழுவதையும் குளியலறைத் தராசில் தான் நிறுத்துவிட்டதாகச் சொன்னார்.

அடுத்தது கொழுவி. அதைக் கழற்றிக் காட்டினால்தானே உள்ளே கிறீஸ் இருப்பது தெரியும்? கைபிரேக்கை இழுத்துவிட்டு, முன்னால் உள்ள சின்னச் சக்கரத்தை இறக்கி, காரில் இருந்து கேரவனைக் கழற்றினார். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. ஒன்றே ஒன்றை மறந்தார். முன்பக்கச் சாமானை எல்லாம் இறக்கியாகிவிட்டது. பின்பக்கத்தில் இன்னும் தண்ணீர்க் கானும் பருப்புச் சட்டியும் இருந்தன. அந்த நேரம் பார்த்துப் பெனடிக்ற் அவற்றை எடுக்கப் பின்பக்கம் போனான். அவன் நல்ல சாப்பாட்டுப் பிள்ளை.

கேரவன் மெல்ல மூக்கை உயர்த்தியது. பிறகு நிமிர்ந்து வானத்தைப் பார்த்தது.

உள்ளே இருந்து தண்ணீர் சரிகிற சத்தமும், பெனடிக்ற்றின் குரலும் வந்தன. "அத்தான், பருப்பு என்ர மடியில."

பஸ்தியாம்பிள்ளை ஓடிப்போய் முன்கம்பியைப் பிடித்துத் தொங்கினார். போதவில்லை. மஞ்சள் சட்டைக்காரர் புத்தகத்தையும் கடதாசிகளையும் புல்லில் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் தொங்கினார். அப்போதும் போதவில்லை. இம்மாகுலேற் சீலையை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்து கம்பியில் ஒரு கையை வைத்துச் சாய்ந்தாள். கேரவன் இறங்கியது.

தொங்கியபடியே பஸ்தியாம்பிள்ளை அந்த மனிதரைப் பக்கவாட்டில் பார்த்தார். மனம் உருகிவிட்டது. ஒரு அரசாங்க அதிகாரி, பிழை எழுத வந்தவர், பிழை செய்தவனுக்குத் தோள் கொடுக்கிறார். இப்படி ஒரு நாடு! அதே நேரம், இவர் இதையும் எழுதத்தானே போகிறார் என்றும் நினைத்தார்.

முட்டுக் கொடுக்கிற பின்கால்களை இறக்கிக் கேரவனை நிலையாக நிறுத்தி, பெனடிக்ற்றை வெளியே எடுத்து, கார்க் கண்ணாடி துடைக்கிற துணியால் அவனைத் துடைத்து முடிக்க ஒன்பது மணி பத்து நிமிஷம். பத்து மணிக்கு வெளிக்கிடாவிட்டால் ஒரு மணிக்கு வோல்சிங்கத்தில் நிற்க ஏலாது.

அப்போதுதான் வாய்மொழிச் சோதனை தொடங்கியது. கேரவன் பிரேக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா என்று மஞ்சள் சட்டைக்காரர் கேட்டார். கூச்சப்படுகிறவர் போல மெல்லிய குரலில்தான் கேட்டார். பெரிய அதிகாரிகள் குரலை உயர்த்துவதில்லை என்பது பஸ்தியாம்பிள்ளைக்குத் தெரியும்.

கைகளைக் கட்டிக்கொண்டு ஒப்புவிக்கத் தொடங்கினார். காரில் பிரேக் பிடிக்கும்போது கேரவன் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளல் கொழுவிக்குப் பின்னால் உள்ள தண்டை உள்ளே அமுக்கும். தண்டு ஒரு நெம்பைத் தள்ளும். நெம்பு கம்பிகளை இழுக்கும். சக்கரத்துக்குள் பிரேக் கட்டைகள் விரிந்து பிடிக்கும். வீதியில் லொறிகள் இரைந்துகொண்டு போயின. அவர் நிறுத்தவில்லை. படிப்பு அதிகம் இல்லாத மனிதர், ஒரு வாகனப் பாகத்தின் பெயரைக்கூடத் தடுமாறாமல் அந்நியப் பாஷையில் பாட்டுப்போலச் சொல்லிக்கொண்டு போனார். மஞ்சள் சட்டைக்காரர் வாய் பிளந்து கேட்டார். பேனையை எடுத்துத் தடித்த புத்தகத்தின் ஓரத்தில் எழுதினார். இரண்டு இடத்தில் மறுபடி சொல்லச் சொன்னார்.

"அக்கா, மாட்டினார் அத்தான். எழுதுறான் பார்," என்று பெனடிக்ற் முணுமுணுத்தான்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. கைபிரேக்கை விட்ட பிறகும் சக்கரம் உருளாமல் இறுகி நின்றால் என்ன செய்வீர்கள்?

அது பஸ்தியாம்பிள்ளையின் புத்தகத்தில் இல்லாத கேள்வி. ஆனால் பங்குனி மாதத்தில் அவருக்கே நடந்தது. கைபிரேக்கைப் போட்டபடி மாரி முழுக்க நிறுத்திவைத்த கேரவன் ஒரு அங்குலம் அசையவில்லை. உண்மையைச் சொன்னால் தன்னுடைய பழைய பிழையை ஒப்புக்கொண்டதாகும். சொல்லாமல் விட்டால் விடை இல்லை. மாதாவைத் திரும்பிப் பார்த்தார். பாவசங்கீர்த்தனம் செய்வதுபோல எல்லாவற்றையும் சொன்னார். உள்ளே துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். மரத்துண்டு வைத்துச் சுத்தியலால் சுற்றிவரத் தட்ட வேண்டும். பிறகு முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி விடுவிக்க வேண்டும்.

மஞ்சள் சட்டைக்காரரின் முகம் மலர்ந்தது. அதை ஒருக்கால் செய்து காட்ட முடியுமா என்று கேட்டார்.

பஸ்தியாம்பிள்ளை கேரவனின் பின்கால்களை உயர்த்தினார். சின்னச் சுத்தியலை எடுத்து எங்கே எப்படித் தட்டுவது என்று தட்டிக் காட்டினார். ஆட்டிக் காட்டுவதற்காகக் கைபிரேக்கை விட்டார். சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். கட்டைகள் துடைத்த அழகோடு கறிச்சட்டிக்குப் பக்கத்தில் வரிசையில் இருந்தன.

அந்த இடம் பின்பக்கமாகச் சாய்வு. கேரவன் யோசித்து யோசித்துப் பின்னால் போகத் தொடங்கியது. அதற்கு நேர் பின்னால், வெள்ளைத் துவாயில், கையில் பாலனோடு மாதா.

பஸ்தியாம்பிள்ளை சுத்தியலும் கையுமாகச் சக்கரத்தடியில் குந்தியிருந்தார். எழும்ப முடியவில்லை. பெனடிக்ற் "மாதாவே" என்று கூப்பிட்டபடி நின்ற இடத்திலேயே நின்றான். மஞ்சள் சட்டைக்காரர் கேரவனின் பக்கத்தைப் பிடித்து இழுத்தார். தகரத்தை யாரால் பிடிக்க ஏலும்?

இம்மாகுலேற்தான் போனாள். ஓடவில்லை, கத்தவில்லை. கேரவனோடு கூடவே நாலு அடி நடந்து, முன்பக்கத்துக் கைபிரேக்கை ஒரே இழுவையில் நிமிர்த்தினாள். கேரவன் ஒருதரம் சிணுங்கிவிட்டு நின்றது. மாதாவுக்கும் கேரவனின் பின் தகட்டுக்கும் இடையில் ஒரு சாண்.

வரிசையில் இருந்து இரண்டு கட்டைகளை எடுத்து வந்து சக்கரங்களுக்கு வைத்துக் காலால் இறுக்கிவிட்டுத்தான் அவள் கையைத் தட்டினாள்.

பஸ்தியாம்பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தாறு வருடத்துப் பெண்சாதியை அன்றுதான் காண்கிறவர் போல.

"உமக்கு இது எப்பிடித் தெரியும்?"

"இவ்வளவு மாசமா வெங்காயத்துக்கே சொல்லிக்கொண்டு நிண்டனீங்கள்?"

மஞ்சள் சட்டைக்காரர் கை தட்டினார். உண்மையாகவே தட்டினார். தன் வாழ்நாளில் இப்படி ஒரு சோடியைக் கண்டதில்லை என்றார். இம்மாகுலேற்றுக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தொங்கியும் இழுத்தும் சிவந்துபோயிருந்தார். பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றி, ஒரு மீன் ரோல்ஸும் எடுத்துக் கொடுத்தாள். அவர் ஆசையோடு வாயருகே கொண்டுபோனார்.

பஸ்தியாம்பிள்ளைக்கு இடி விழுந்ததுபோல் இருந்தது. கடமையில் நிற்கிற அதிகாரிக்கு, முடிவு சொல்ல முன்னர், சாப்பாடு. இதற்குப் பெயர் என்ன? இரண்டே எட்டில் போய் அந்த ரோல்ஸை அவருடைய கையில் இருந்து மெல்லக் கழற்றி எடுத்தார்.

"மன்னிக்க வேணும் சேர். தீர்ப்பைச் சொல்லிப்போட்டுச் சாப்பிடுங்கோ," என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு மணிக்கு மாதா வோல்சிங்கத்தில் நிற்க வேண்டும் என்றும், ஒரு நல்ல குருவானவர் தன்னை நம்பிச் சொல் கொடுத்துவிட்டார் என்றும், அபராதம் என்றால் கட்டுகிறேன், கேரவனை வேண்டுமானால் இங்கேயே விட்டுவிடுகிறேன், மாதாவையும் கறிச்சட்டியையும் மட்டும் காரில் கொண்டுபோக விடவேண்டும் என்றும் கேட்டார்.

மஞ்சள் சட்டைக்காரர் வெறுங்கையைப் பார்த்தார். ரோல்ஸைப் பார்த்தார். தடித்த புத்தகத்தைப் பார்த்தார். காது நுனி வரைக்கும் சிவந்தது. ஒன்பது மணி நாற்பது.

முன்னால் நின்ற வெள்ளைக் கேரவனின் கதவு திறந்தது. ஜன்னலோடு இருந்த அந்த மனிசி, வீட்டுச் செருப்போடு புல்லில் இறங்கி வந்தாள். மாதாவுக்கு ஒரு காலை வணக்கம் சொன்னாள். பிறகு மஞ்சள் சட்டைக்காரரின் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஜெறல்ட், விடிய ஏழு மணியில் இருந்து கை காட்டியும் இந்த ஐயா ஒருத்தர்தானே நமக்காக நின்றார், இறுகிப்போன நம்முடைய பிரேக்கை விடுவித்துத் தருவாரா என்று இன்னும் நீ அவரிடம் கேட்கவே இல்லையா?"